தெருவில் நடக்க உரிமை கேட்டவர்: இரட்டைமலை சீனிவாசன்

1924-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். சென்னை மாகாண சட்டமன்றத்தில் 65 வயதான ஓர் உறுப்பினர் எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊரிலும் நகரத்திலும் உள்ள எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கலாம். பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை மற்றவர்களைப் போலவே அவர்களும் பயன்படுத்தலாம். இதை அரசு தன் கொள்கையாக அறிவிக்க வேண்டும். தீர்மானம் கேட்டது இவ்வளவுதான். சட்டமன்றம் ஏற்றுக்கொண்டது, செப்டம்பரில் அரசாணை வெளியானது.

தெருவில் நடக்க ஒரு தீர்மானமா என்று இன்றைய மாணவர்கள் கேட்கலாம். ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து கிடந்த கிராமங்களில் அக்ரகாரத்துக்குள்ளும் ஊர்த் தெருவுக்குள்ளும் கால் வைக்க முடியாத காலம் அது. நம் ஸ்ரீரங்கத்தில் தெருவையும் கோயிலையும் பிரித்துச் சொல்வதே கடினம். ஏழு பிராகாரங்களில் வெளிப்பக்கத்துப் பிராகாரங்கள் வீடும் கடையுமாக இருக்கும் தெருக்கள்தான். உறையூரில் பிறந்த பாணரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கன் சன்னதிக்குள் கொண்டுபோனதாகத் திருப்பாணாழ்வார் கதை சொல்கிறது. அந்தக் கதையைக் கொண்டாடிய நாட்டில், ஒடுக்கப்பட்டோருக்குக் கோயில் கதவுகளைத் திறந்துவிட 1947-ன் ஆலயப் பிரவேசச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவருடைய துணைவியார் பெயர் அரங்கநாயகி. ஸ்ரீரங்கத்துத் தாயாரின் பெயர். அந்த அம்மாளின் பெயரைத் தாங்கிய சன்னதிக்குள் அந்த அம்மாளே போக முடியாது என்பதுதான் அன்றைய நிலை.

தேசபக்தி என்றால் என்ன, யார் இந்த நாட்டுக்காரர், யார் வந்தேறி என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. அந்தப் பேச்சுக்கு நடுவில் சீனிவாசனின் வாழ்க்கையைத் திரும்பப் பார்ப்பது நமக்குப் பயன்படும். சொந்த நாட்டில் அந்நியராக நடத்தப்பட்டு, அந்நிய நாட்டில் குடியேறியாக இருபது ஆண்டுகள் வாழ்ந்து, திரும்பி வந்து குடியுரிமை கேட்டவர் அவர்.

பள்ளிக்கூடத்தில் தனியாக

1859-ம் ஆண்டு ஜூலை 7-ல் செங்கல்பட்டு மாவட்டம் கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் பெயர் இரட்டைமலை. படிப்பு கோயமுத்தூரில். அங்கே சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேரைத் தவிர மற்ற எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். நெருங்கிப் பழகினால் வீடு எங்கே, என்ன சாதி என்று கேட்பார்கள் என்ற பயத்தில் யாரோடும் விளையாடாமல் வெளியே ஒதுங்கியிருந்து, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவாராம். வகுப்பு முடிந்ததும் யாரும் பக்கத்தில் வருவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடுவாராம். 1939-ல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் இதை எழுதியிருக்கிறார். எண்பது வயதிலும் மறக்காத பயம் அது.

பிறகு நீலகிரியில் வெள்ளையர் நிறுவனத்தில் கணக்கர் வேலை. அவருடைய சகோதரியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். இருவரும் ஒரே நோக்கத்தோடு வேறு வேறு வழியில் போனவர்கள். பண்டிதர் நாம் பூர்வத் தமிழர், பௌத்தர் என்று வரலாற்றைத் தேடினார். சீனிவாசன் மனு, மாநாடு, பத்திரிகை, சட்டமன்றம் என்ற வழியைப் பிடித்தார்.

1890-ல் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'பறையன்'. எந்தச் சொல்லைச் சொல்லி நம்மைக் கீழே தள்ளினார்களோ அந்தச் சொல்லையே தலைப்பாகப் போட்டு விற்றார். படித்து முன்னேறியவர்கள் பிறந்த இனத்தின் பெயரை மறைத்துக்கொண்டால் சேரியில் இருப்பவர்களுக்குப் பேச ஆள் இருக்காது என்பது அவர் கருத்து. பத்திரிகை 1900 வரை நடந்தது. கலெக்டருக்கும் போலீசுக்கும் போக வேண்டிய குறைகள் அதில் அச்சேறின.

அப்போதுதான் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை அளித்திருந்தார். நிலமில்லாமல், கடனில் கட்டுண்டு, குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தமாக இருந்த நிலையை அது காட்டியது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடுகிறோமே, அந்த ஒதுக்கீட்டுக்கு அடிப்படை அந்த அறிக்கைதான்.

துரோகி என்ற பழி

1893 ஜூனில் இங்கிலாந்து மக்கள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். காங்கிரஸ் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது இதுதான். நாடே மகிழ்ந்தது என்று சொல்லப்பட்ட நேரத்தில், அந்த டிசம்பரில் சென்னையில் ஒரு கூட்டம் கூட்டி சீனிவாசன் எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீளமான மனு தயாரானது. ஜெனரல் செஸ்னி என்ற உறுப்பினர் மூலம் அது இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குப் போனது.

இதற்காக அவரை வெள்ளையருக்கு வால் பிடித்தவர் என்று ஏசினார்கள். இன்றும் சிலர் அப்படி எழுதுகிறார்கள். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்வதே நியாயம். தேர்வு இங்கே நடந்தால் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த சாதியாரே ஜெயிப்பார்கள். கிராமத்தில் கிணற்றைத் தொடவிடாதவர்களே மாவட்ட அதிகாரியாகவும் நீதிபதியாகவும் உட்காருவார்கள். பிறகு குறை சொல்ல ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கும் முன்பே பந்தயத்தை நடத்தி முடித்துவிடாதீர்கள் என்பதே அவர் வாதம்.

இந்தியருக்கு உயர்பதவி என்ற கோரிக்கை நியாயமானது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. சீனிவாசனின் மனுவால் வெள்ளை ஆட்சிக்குக் கொஞ்சம் வசதி கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தியர் என்ற சொல்லுக்குள் தம்மைச் சேர்க்காதவர்களிடமிருந்து ஒரு மனிதர் அந்தச் சொல்லின் பெயரால் கட்டளை வாங்கிக்கொள்ள மறுத்தார். அதைத் துரோகம் என்று சொல்வதற்கு முன், அன்று எத்தனை ஊர்களில் அவர் தெரு வழியாக நடந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்த இருபது ஆண்டுகள்

1900-ல் லண்டன் போய் நேரில் முறையிடுவது என்று கிளம்பினார். பயணம் எண்ணியபடி முடியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் தங்கி, பிறகு தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தார். அங்கே நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். காந்தியைச் சந்தித்ததும், தமிழில் கையெழுத்துப் போட அவருக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான்.

அவர் போன நாட்டில் நம் மக்கள் முன்பே இருந்தார்கள். 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து போன ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் முதல் கூட்டத்தை இறக்கியது. 1911 வரை சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். கரும்புத் தோட்டத்தில் முதல் ஆண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பியவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் போட்டார்கள். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங்; ஆறு மாதக் கூலி. உழைக்கும்வரை வேண்டும், குடியிருக்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். 1897-ல் இன்னொரு சட்டம் வந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் உள்ளே வர முடியாது. இந்தியரைத் தடுக்கும் சட்டம் என்று வெளிப்படையாகச் சொல்லாமலே தடுத்தார்கள்.

டிரான்ஸ்வால் பகுதியில் இந்தியர் நடைபாதையில் நடக்கவும் தடை இருந்தது. 1893-ல் பிரிட்டோரியாவில் நடைபாதையில் போன காந்தியைக் காவலர் உதைத்துத் தள்ளிய செய்தியை நாம் பாடத்தில் படிக்கிறோம். படிக்கும்போது கோபம் வருகிறது, வர வேண்டும். அங்கே வெள்ளையர் பார்வையில் பிராமணரும் பறையரும் வணிகரும் ஒரே கூலிகள். சொந்த ஊரில் மற்றவரைத் தெருவில் விடாதவர்களுக்கு, தெருவில் விடப்படாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று ஆப்பிரிக்கா காட்டியது. சீனிவாசனுக்கு அது புதிய பாடமில்லை. வெள்ளையரின் நடைபாதைக்கு வந்த கோபம் நம் ஊர்த் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை அவரைப் போன்றவர்களுக்கு இருந்தது.

திருச்சியிலிருந்து போனவர்கள்

கடல் கடந்த கதை நம் மாவட்டத்துக்கும் சொந்தம். இலங்கைத் தோட்ட முதலாளிகள் ஆள் சேர்ப்பதற்காக 1904-ல் அமைத்த இலங்கைத் தொழிலாளர் கமிஷன் தலைமையிடமாகத் தேர்ந்தெடுத்தது திருச்சியைத்தான். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், தஞ்சை, மதுரைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக அழைத்துப் போனார்கள். தோட்டத்தின் எண் பொறித்த தகரச் சீட்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். போனவர்களில் மிகப் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சம் ஒரு காரணம். மிராசுதாரின் அடியும் கடனும் இன்னொரு காரணம்.

அவர்கள் காட்டைத் திருத்திக் காப்பியும் தேயிலையும் வளர்த்தார்கள். நூறாண்டுக்கு மேல் உழைத்த பிறகு, 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் போட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த நாட்டில் வாழ ஆசை என்று அந்த மக்களை உட்காரவைத்துக் கேட்கவில்லை.

திரும்பி வந்த பிறகு

1920-களின் தொடக்கத்தில் சீனிவாசன் தாயகம் திரும்பினார். வெளிநாட்டில் அரசு வேலை, மரியாதை எல்லாம் இருந்தும் அறுபது வயதுக்கு மேல் திரும்பி வந்தார். 1923-ல் சென்னை சட்டமன்ற உறுப்பினரானார். அடுத்த ஆண்டே நாம் தொடக்கத்தில் சொன்ன தீர்மானம். அதே 1924-ல்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான சத்தியாக்கிரகமும் நடந்தது. அங்கே போராட்டக்காரர்கள் சிறை போனார்கள். இங்கே ஒரு முதியவர் சட்டமன்றத்தில் எழுதி வாங்கினார். இரண்டும் ஒரே கோரிக்கை.

1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பில் அழைக்கப்பட்டவர்கள் இருவர்: டாக்டர் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். 1900-ல் போக நினைத்த ஊருக்கு முப்பது ஆண்டு கழித்துப் போய்ச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து மாநாட்டில் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அளித்தார்கள். அதன் முதல் நிபந்தனை சம குடியுரிமை. சட்டமன்ற இடங்கள், வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. நாட்டைப் பிரிக்கப் பார்க்கிறார்கள் என்று குற்றம் சாட்டப்பட்ட இருவர் முதலில் கேட்டது, இந்த நாட்டின் முழுக் குடிமக்களாக எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதைத்தான்.

லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைச் சந்தித்தபோது தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்டதாகவும், தெருவில் ஒருவர் விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட மாட்டார்கள் என்று தாம் விளக்கியதாகவும் சீனிவாசன் தம் வரலாற்றில் எழுதுகிறார்.

1932-ல் தனித்தொகுதி அறிவிப்பும், காந்தியின் உண்ணாவிரதமும், செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தமும் வந்தன. அதில் சீனிவாசனும் கையெழுத்திட்டார். மாகாண சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன; சென்னை மாகாணத்தில் 30. பிற்பாடு மதமாற்றம் குறித்து அம்பேத்கரோடு கருத்து வேறுபட்டார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் வந்தன. 1945 செப்டம்பர் 18-ல் சென்னையில் காலமானார். சுதந்திரத்தைப் பார்க்க இரண்டு ஆண்டு குறைந்துவிட்டது. 2000-ம் ஆண்டில் இந்திய அரசு அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

நம் ஊரில் இன்று

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. போரில் தப்பி வந்தவர்களோடு, மலையகத் தோட்டத்து வம்சாவளியினரும் தமிழக முகாம்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் தமிழ்நாட்டிலேயே அகதி என்று பெயர் வாங்கியிருக்கிறார்கள். 2019 ஜூனில் அப்படிப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பற்றிப் பேசியது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதில் இல்லை. தேசபக்தி பற்றிப் பேசுகிறவர்கள் இந்த முகாமைப் பற்றியும் பேச வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

எதிர்பார்ப்பு நம்மிடமும் இருக்க வேண்டும். கட்டட வேலையிலும் தொழிற்கூடங்களிலும் பீகார், ஒடிசா, வங்கத்து இளைஞர்கள் வேலை செய்கிறார்கள். இப்போது காவிரிப் பாசன வயல்களில் நடவுக்கும் வருகிறார்கள். நம் பெண்கள் கேட்கும் கூலியைவிடக் குறைத்து ஒப்பந்தக்காரர் அவர்களை இறக்கும்போது சேரியில் அடுப்பு எரிவது பாதிக்கப்படுகிறது. இந்தக் கவலை உண்மையானது. அதைச் சொல்பவரை இனவெறியர் என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் அந்தக் கோபம் யார் மேல் போக வேண்டும்? ஒரே வேலைக்கு வெளிமாநிலத்தவருக்கும் உள்ளூராருக்கும் சம கூலி தர வேண்டும் என்று 1979-ல் வந்த மாநிலங்களுக்கு இடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டமே சொன்னது. அதை மீறி லாபம் பார்ப்பவர் ஒப்பந்தக்காரர். முன்பணம் வாங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மொழி தெரியாத ஊருக்கு வந்து, தகரக் கொட்டகையில் படுத்திருப்பவர் நம் கொள்ளுத்தாத்தாவைப் போன்றவர். அவர்களில் தலித் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, பயந்து பலர் ஊர் திரும்பினார்கள். ஒரு வதந்திக்கே ஓடும் நிலையில்தான் அவர்கள் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரிந்தது. வந்தவர்களை விரட்டும் பேச்சில் நம் பிள்ளைகள் சேரும் முன், நேட்டாலின் 3 பவுன் வரியையும் இலங்கையின் 1948 சட்டத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உழைக்கும்வரை வேண்டும், பிறகு போய்விடு என்று சொன்னவர்கள் நம்மிடம்தான் முதலில் சொன்னார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறோம். சீனிவாசனின் ஜீவிய சரித்திரச் சுருக்கம் சிறிய புத்தகம். ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். கல்லூரி நூலகத்தில் இல்லையென்றால் வாங்கிவைக்கச் சொல்லுங்கள். படித்த பிறகு உங்கள் ஊரில் ஒரு சுற்று வாருங்கள். செருப்போடு போக முடியாத தெரு இருக்கிறதா, சவ ஊர்வலம் போக முடியாத பாதை இருக்கிறதா, தேநீர்க் கடையில் தனிக் குவளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுதி வைத்து வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். 1924-ன் அரசாணையிலிருந்து அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு வரை உங்கள் பக்கம் இருக்கின்றன. 112 அடி மனு எழுதியவரின் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் எழுதுவது கடினமாக இருக்காது.